யேனாவின் எர்ன்ஸ்ட் ஆபே

நம் வானியல் குழுவின் தொலைநோக்கிக்குப் புதிய கண்ணருகு லென்ஸ் ஒன்று வாங்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தாலும் எழுந்தது, விடுதி மொட்டை மாடியில் மூன்று கட்சிகள் முளைத்துவிட்டன. ஜெர்மனியில் செய்ததுதான் லென்ஸ், மற்றவை கண்ணாடித் துண்டுகள் என்பது முதற் கட்சி. ஜப்பானியரின் கைத்திறனுக்கு ஈடில்லை என்பது இரண்டாம் கட்சி. குழலின்மேல் எந்த நாட்டின் பெயரைப் பொறித்திருந்தால் என்ன, இன்று பெரும்பாலும் தைவானிலும் சீனாவிலும் தேய்த்து வருவனதாமே என்பது மூன்றாம் கட்சி. குழுவின் கையிருப்பு எவ்வளவு என்பதை அறிந்தவர்கள் மட்டும் எக்கட்சியிலும் சேராமல் வாளாவிருந்தனர்.

அம்மூன்று கட்சியினரும் விலை கேட்டுவைத்திருந்த லென்சுகளுள் ஆர்த்தோஸ்கோப்பிக் என்னும் வகை ஒன்று. அதை 1880ஆம் ஆண்டில் கணக்கிட்டு அமைத்தவர் யேனா நகரத்துப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஆபே. அவர் பெயர் நமக்குப் புதிதன்று. வேதியியல் மாணவர்கள் சோதனைச்சாலையில் கையாளும் ஒளிவிலகல்மானி ஆபேயின் பெயரால் வழங்குவது. உயிரியல் மாணவர்களின் நுண்ணோக்கி மேடைக்கு அடியில் இருப்பது ஆபே ஒளிக்குவிப்பான். ஒரு கண்ணாடி நிறங்களை எவ்வளவு பிரிக்கும் என்பதைக் குறிக்க இயற்பியல் மாணவர்கள் எழுதும் எண் ஆபே எண். பெயரை இத்தனை இடங்களில் கண்டும் மனிதரை நாம் காணவில்லையே என்று எனக்குத் தோன்றிற்று. நல்ல லென்ஸ் எங்கே பிறக்கிறது, அந்த இடம் பொருட்டாகுமா என்னும் வினாவுக்கு, அவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவான விடை வேறு எங்கும் எனக்குக் கிட்டவில்லை. ஆகவே அதை இங்கே எழுதத் துணிந்தேன்.

ஜெர்மனியின் துரிங்கியாப் பகுதியில் ஐசனாக் என்னும் ஊர். அங்கே 1840 ஜனவரி 23 அன்று ஆபே பிறந்தார். தந்தை நூற்பாலைத் தொழிலாளி; பின்னர் மேற்பார்வையாளர் ஆனவர். மேற்பார்வையாளர் என்றதும் நாற்காலியும் மேசையும் நம் மனக்கண்முன் வருகின்றன. அவருக்கு அவை வாய்க்கவில்லை. வணிகம் இயல்பாக நடக்கும் நாட்களில் காலை 5 மணி முதல் இரவு 7 மணி வரை வேலை. வணிகம் செழித்துவிட்டாலோ 4 மணி முதல் 8 மணி வரை. முதலாளிக்கு நல்ல காலம் வந்தால் தொழிலாளிக்கு இரண்டு மணி நேரம் கூடுதல்! நண்பகலில் ஓய்வு கிடையாது. சிறுவன் எர்ன்ஸ்டும் உடன்பிறந்தாளும் முறைவைத்துக்கொண்டு ஆலைக்கு உணவு எடுத்துச் செல்வார்கள். தந்தை ஓடும் இயந்திரத்தில் சாய்ந்து நின்றவாறே அவசர அவசரமாக உண்டு, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியே வேலையில் முனைவார். நெடிய உருவம், வலிய உடல். ஆயினும் ஐம்பது வயது நிறைவதற்குள் அவர் கிழவராகிவிட்டார். கோவைப் பக்கத்து ஆலைத் தொழிலாளர் வீடுகளிலிருந்து தூக்குப்போணி சுமந்து பழகி, இன்று நம்மோடு படிக்கும் அன்பர்கள் சிலருக்கு இக்காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

பையனின் கூர்மையைக் கண்ட ஆலை முதலாளி படிப்புக்குப் பண உதவி செய்தார். அப்பனின் உழைப்பில் வந்த பணம் மகனுக்கு அறமாகத் திரும்பிற்று என்று கொள்வதா, உண்மையிலேயே பெருந்தன்மை என்று கொள்வதா, படிப்பவர்களே முடிவு செய்துகொள்ளலாம். ஆபே யேனாவிலும் கெட்டிங்கனிலும் பயின்றார். கெட்டிங்கனில் ரீமானும் வெபரும் ஆசிரியர்கள். 1861இல் வெப்பத்தையும் வேலையையும் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம். 1863 முதல் யேனாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை. சிறிய ஊர், சிறிய சம்பளம். அந்த அளவில் அவர் கதை நின்றிருந்தால் நாம் அவரை அறிந்திருக்கமாட்டோம்.

அதே ஊரில் கார்ல் சைஸ் என்பவர் 1846 முதல் ஒரு பட்டறை நடத்திவந்தார். அவர் நுண்ணோக்கி செய்பவர். நல்ல பெயர் எடுத்தவர். 1866இல் அவருடைய பட்டறை ஆயிரமாவது நுண்ணோக்கியை முடித்தது. ஆயினும் சைஸின் மனத்தில் ஒரு குறை. அக்காலத்தில் லென்ஸ் செய்வது பெரிதும் கைப்பழக்கமே. தேய்ப்பார்கள், பொருத்திப் பார்ப்பார்கள், உரு மங்கலாக இருந்தால் மறுபடி தேய்ப்பார்கள், ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகிப் பார்ப்பார்கள். தேர்ந்த தொழிலாளியின் கண் சரி என்று சொல்லும்போது நிறுத்திவிடுவார்கள். நல்லது அமைந்தால் அது அமைந்ததுதான். அதே போன்ற இன்னொன்று அமையும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. பாலம் கட்டுபவன் முன்னதாகவே கணக்குப் போடுகிறானே, லென்சுக்கும் அப்படிச் செய்ய இயலாதா என்று சைஸ் ஏங்கினார். ஐம்பது வயதான அந்தப் பட்டறைக்காரர் 1866இல் இருபத்தாறு வயதான விரிவுரையாளரைத் தேடிச் சென்று உதவி கேட்டார்.

ஆபே கணக்கிட்டார். கணக்கின்படி லென்சுகளும் செய்தார்கள். விளைவு என்ன? பழைய முறையில் தடவித் தடவிச் செய்தவற்றைவிட அவை மோசமாக இருந்தன! நான் ஆபேயின் வாழ்க்கையில் மிகவும் விரும்பும் இடம் இதுதான். லென்சின் ஓரத்து வழியே வரும் கதிர்கள்தாம் பிழை செய்கின்றன என்று எண்ணி அவர் ஒளிக்கூம்பைக் குறுக்கியிருந்தார். பிழை குறைந்தது மெய். ஆனால் நுண்ணிய கோடுகளும் மறைந்துபோயின. ஏன் மறைந்தன என்று தேடியவருக்கு ஒரு பெரிய உண்மை புலப்பட்டது. ஒளி நுண்ணிய அமைப்புகளைக் கடக்கும்போது பக்கங்களில் விரிகிறது. விளிம்பு விளைவு என்று பாடநூலில் படிக்கிறோமே, அதுதான். அந்த அமைப்பு எப்படிப்பட்டது என்னும் செய்தி அவ்வாறு விரிந்த கதிர்களில்தான் இருக்கிறது. அக்கதிர்களை உள்ளே வாங்கும் அளவுக்கு லென்சின் வாய் அகன்றிருக்க வேண்டும். வாங்காவிட்டால், எவ்வளவு பிழையற்ற லென்சாயினும் அது அவ்வமைப்பைக் காட்டாது. 1873இல் இதை அவர் வெளியிட்டார். எவ்வளவு சிறியதை நுண்ணோக்கி பிரித்துக் காட்டும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்ற அந்த முடிவின் சூத்திரத்தை யேனாவில் அவருடைய நினைவுக் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.

அதற்கு முன்பே, 1872இல், சைஸ் பட்டறையின் நுண்ணோக்கி லென்சுகள் யாவும் கணக்கின்படியே செய்யப்பட்டன. இதனால் தொழிலாளியின் கை மதிப்பிழந்தது என்று எண்ணிவிடாதீர்கள். கணக்கு இன்ன வளைவு வேண்டும் என்று சொல்லும். அந்த வளைவைக் கண்ணாடியில் கொண்டுவருவது கைதான். மாதிரிக் கண்ணாடியின்மீது லென்சை வைத்தால் இடையிலுள்ள மெல்லிய காற்றுப் படலத்தில் நிற வளையங்கள் தோன்றும். நியூட்டனின் வளையங்கள் என்று நாம் செய்முறை வகுப்பில் கண்வலிக்க எண்ணுகிறோமே, அவையேதாம். வளையங்கள் சீராக இருக்கும்வரை தேய்ப்பார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பல்லாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு பிசகினாலும் அவ்வளையம் காட்டிக்கொடுத்துவிடும். கணக்குப் போட்டவர் ஒருவர், தேய்த்தவர் ஒருவர், சோதித்தவர் ஒருவர் என வேலை பகுக்கப்பட்டது. சோதனையில் தேறாதது வெளியே போகாது.

இனி நம் கண்ணருகு லென்சுக்கு வருவோம். தொலைநோக்கியின் முன்னுள்ள பெரிய லென்சோ ஆடியோ குழலுக்குள் ஒரு சிறு உருவை அமைக்கிறது. அவ்வுருவை நம் கண்ணுக்குப் பெரிதாக்கிக் காட்டுவது கண்ணருகு லென்ஸ். ஒற்றை லென்சைக் கொண்டு பார்த்தால் ஓரங்களில் நிறம் படியும். நேர்க்கோடு வில்லாக வளையும். நுண்ணோக்கியில் நீளத்தை அளக்க வேண்டியவனுக்கு அந்த வளைவு பெருந்தொல்லை. அதனால் மூன்று லென்சுகளை ஒட்டி ஒன்றாக்கி, கண்ணின் பக்கம் தனி லென்ஸ் ஒன்றை வைத்து ஆபே ஓர் அமைப்பைக் கணக்கிட்டார். அதில் நேர்க்கோடு நேர்க்கோடாகவே தெரிந்தது. நேராகக் காட்டுவது என்னும் பொருளில்தான் அதற்கு அப்பெயர். நுண்ணோக்கிக்கென்று பிறந்த அது கோள்களைப் பார்ப்பவர்களின் கைக்கு வந்து சேர்ந்தது. காட்சிப் பரப்பு அகலமன்று. 45 பாகை அளவில்தான். ஆனால் வியாழனின் பட்டைகளைக் காண விரும்புபவனுக்குப் பரப்பு எதற்கு? தெளிவன்றோ வேண்டும்!

கணக்கு வந்தது, கை வந்தது. கண்ணாடி? அங்கேதான் ஆபே முட்டிக்கொண்டு நின்றார். நிறப்பிழையை நீக்க இருவகைக் கண்ணாடிகளைச் சேர்க்க வேண்டும் என்பது முன்பே அறிந்த செய்தி. ஆனால் அன்று கிடைத்த வகைகள் மிகச் சில. எப்படிச் சேர்த்தாலும் கொஞ்சம் நிறம் எஞ்சி நின்றது. நல்ல ஒளியியல் கண்ணாடி இங்கிலாந்திலும் பிரான்சிலும் இரண்டொரு நிறுவனங்களிடமே இருந்தது. புதுவகை காய்ச்சிப் பார்க்க அவர்களுக்கு ஆவல் இல்லை. விற்பனை சிறிது, செலவோ பெரிது. 1876இல் லண்டனில் நடந்த அறிவியற் கருவிகள் காட்சிக்குச் சென்று திரும்பிய ஆபே தம் அறிக்கையில் இக்குறையை எழுதினார். அதைப் படித்தவருள் ஒருவர் விட்டன் என்னும் ஊரில் இருந்த ஓட்டோ ஷாட்; சன்னல் கண்ணாடி செய்யும் குடும்பத்தில் பிறந்த வேதியியலார். 1879இல் தாம் காய்ச்சிய லிதியம் கண்ணாடியைப் பற்றி ஆபேக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கண்ணாடி பயன்படவில்லை. ஆனால் இருவர்க்கும் தொடர்பு அறுபடவில்லை. ஷாட் ஒவ்வொரு தனிமத்தையும் சேர்த்துக் காய்ச்சுவார். ஆபே அளந்து சொல்வார். 1882இல் ஷாட் யேனாவுக்கே குடிவந்தார். 1884இல் கண்ணாடிச் சாலை எழுந்தது. 1886இல் வந்த விலைப்பட்டியலில் 44 வகைக் கண்ணாடிகள் இருந்தன. அவற்றுள் 19 உலகிற்குப் புதியவை. அவ்வாண்டே ஆபேயின் நிறப்பிழை நீங்கிய உயர்வகை நுண்ணோக்கி லென்சுகளும் வெளிவந்தன. அவற்றுக்கு வேண்டிய ஃபுளோரைட் என்னும் கல் ஸ்விட்சர்லாந்து மலைச்சரிவிலிருந்து வந்தது. அதைத் தேடி ஆபே தாமே மலையேறினார்.

யேனா மண்ணில் தனிச்சிறப்பான மணல் ஏதும் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சைஸ், ஆபே, ஷாட் என்ற மூவர் ஓர் ஊரில் ஒன்றுகூடினர்; ஊர் புகழ்பெற்றது. புகழ் எந்த அளவு என்றால், 1914இல் போர் மூண்டு யேனாக் கண்ணாடி நின்றுபோனபோது பிரிட்டனும் அமெரிக்காவும் ஒளியியல் கண்ணாடிக்குத் திண்டாடின. தாமே காய்ச்சக் கற்றுக்கொள்ளும் வரையில் அவர்கள் நிலை இரங்கத்தக்கதாகவே இருந்தது. ஒரே ஊரை நம்பியிருப்பதன் இடரை உலகம் அப்போது உணர்ந்தது. பின்னாளில் நம் நாட்டிலும் கல்கத்தாவில் 1950இல் திறக்கப்பெற்ற மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் ஒளியியல் கண்ணாடி செய்யும் முறையைத் தானே கண்டறிய முற்பட்டது அவ்வுணர்வின் வழியில்தான் என்று நான் கருதுகிறேன்.

ஆபே இதற்குள் சைஸின் பங்குதாரர் ஆகிவிட்டார். செல்வம் குவிந்தது. பெர்லினில் பதவி ஏற்குமாறு ஹெல்ம்ஹோல்ட்ஸ் அழைத்தும் அவர் போகவில்லை. 1888இல் சைஸ் மறைந்தார். மறு ஆண்டு, 1889இல், ஆபே கார்ல் சைஸ் அறநிலையத்தை நிறுவினார். 1891இல் தொழிற்சாலையில் தமக்கிருந்த பங்கு முழுவதையும் அதற்கே எழுதிக் கொடுத்தார். அறநிலையத்துக்குத் தம் பெயரை வைத்தாரா? இல்லை, மறைந்த நண்பரின் பெயரை வைத்தார். முதலாளியாயிருந்தவர் சம்பளக்காரர் ஆனார்.

1896இல் எழுதப்பெற்ற அதன் சட்டத்திட்டங்கள் அந்தக் காலத்தை எண்ணினால் திகைக்க வைப்பன. நோயுற்றவனுக்குச் சம்பளம், முதியவனுக்கு ஓய்வூதியம், இலாபத்தில் தொழிலாளிக்குப் பங்கு, சம்பளத்தோடு விடுமுறை. எவ்வளவு பெரிய அதிகாரியாயினும் அவர் ஊதியம் சராசரித் தொழிலாளியின் ஊதியத்தைப்போல் பத்து மடங்குக்கு மேற்படக் கூடாது. வேலைக்கு எடுக்கும்போதும் உயர்த்தும்போதும் பிறப்பையும் சமயத்தையும் கட்சியையும் பார்க்கக் கூடாது. இலாபத்தில் ஒரு பகுதி யேனாப் பல்கலைக்கழகத்துக்கு. நம்மைப் போன்ற மாணவர்கள் பலருடைய படிப்பு அப்பணத்தில் நடந்தது.

1900 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. அதற்கு முன் ஒன்பது. ஆபே அறிவியலார் ஆயிற்றே, அளக்காமல் விடுவாரா? 233 தொழிலாளிகளின் உழைப்பை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலை நூற்றுக்கு 16 அளவு கூடியிருந்தது. நேரம் குறைந்ததை ஈடுகட்ட நூற்றுக்கு பன்னிரண்டரை கூடினாலே போதும். ஆக, எட்டு மணி நேரத்தில் ஒன்பது மணி நேர வேலையைவிடச் சற்று மிகுதியாகவே நடந்தது. களைத்த கண் வளையங்களைச் சரியாகப் பார்க்காது. பிசகிய லென்ஸ் தேறிவிடும். இது என் ஊகம்தான். ஆனால் இயந்திரத்தில் சாய்ந்து நின்று உண்ட தந்தையின் உருவம் அக்கணக்குத் தாளில் எங்கோ ஒரு மூலையில் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அத்தந்தையின் வேலை நேரத்தைப் பற்றி ஆபே தாமே பிற்காலத்தில் ஒரு சொற்பொழிவில் எடுத்துரைத்திருக்கிறார்.

எட்டு மணி நேரம் பிறருக்கு. தமக்கு அவர் வகுத்துக்கொண்ட நேரத்துக்கு அளவே இல்லை. உறக்கம் கெட்டது, உடல் நலிந்தது. 1903இல் பொறுப்புகளை விட்டு விலகினார். 1905 ஜனவரி 14 அன்று, அறுபத்தைந்து வயது நிறைய ஒன்பது நாட்கள் இருக்கையில், யேனாவில் காலமானார்.

அவருக்குப் பின் நடந்ததையும் சொல்லாவிட்டால் நான் புகழுரை பாடியவன் ஆவேன். பிறப்பைப் பார்க்காதே என்று சட்டம் எழுதி வைத்த அதே தொழிற்சாலையில், இரண்டாம் உலகப் போரின்போது, பிற நாட்டு மக்கள் கட்டாய வேலையில் வருந்தினர். ஊரும் அதேதான், பெயரும் அதேதான். ஊர்ப் பெயரை முத்திரையாக நம்புகிறவர்கள் இதை ஒருகணம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1945இல் அமெரிக்கப் படை யேனாவைப் பிடித்தது. அப்பகுதி சோவியத் ஆட்சிக்குப் போகவேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே புறப்படும்போது அமெரிக்கர் சைஸ் வல்லுநர்களை எண்பது பேர் அளவில் தம்மோடு மேற்கே கொண்டு சென்றனர். அவர்கள் ஓபர்கோகன் என்னும் சிற்றூரில் புதிதாகத் தொடங்கினர். யேனாவில் எஞ்சிய இயந்திரங்களில் பெரும்பகுதியைச் சோவியத்தினர் கழற்றி ஏற்றிச் சென்றனர். 1946 அக்டோபரில் இருநூறுக்கு மேற்பட்ட வல்லுநர்களையும் கொண்டு சென்றனர். தலையை ஒருவர் எடுத்தார், கையை மற்றவர் எடுத்தார். எஞ்சியதோ வெறுங் கட்டடம். அதன் பின்னும் யேனாவில் நல்ல லென்ஸ் செய்தார்கள், ஓபர்கோகனிலும் செய்தார்கள். ஒரே பெயருக்கு இரு நிறுவனங்கள் நெடுங்காலம் வழக்காடிவிட்டு, ஜெர்மனி ஒன்றானபின் இணைந்தன. கற்றவர்கள் போன இடத்திலும் கலை வளர்ந்தது, கற்பித்தவர்கள் எஞ்சிய இடத்திலும் வளர்ந்தது. காலி செய்யப்பட்ட கட்டடத்தில் மறுபடி முளைத்ததைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். அங்கே தேய்க்கத் தெரிந்த பொதுத் தொழிலாளர் இருந்தனர்.

ஜப்பானியரின் கதையும் இதைச் சார்ந்ததே. ஆபேயின் ஆர்த்தோஸ்கோப்பிக் அமைப்பை எடுத்துக்கொண்டு, யேனாவில் வழங்கிய 24.5 மில்லிமீட்டர் குழல் அளவையும் நெடுங்காலம் பின்பற்றி, அவர்கள் செய்த கண்ணருகு லென்சுகள் கோள்களைப் பார்ப்பவர்களிடம் பெரும் பெயர் பெற்றன. பிறகு அமெரிக்காவில் ஆல் நாக்லர் தொடங்கிய டெலிவியூ போன்ற நிறுவனங்கள் அமைப்பைத் தம் ஊரில் கணக்கிட்டு, ஜப்பானிலும் தைவானிலும் செய்விக்கலாயின. ஒரே ஆலையின் ஒரு வாயிலில் உயர்ந்த லென்சும் மறு வாயிலில் மலிவான லென்சும் வெளிவருகின்றன. வேறுபாடு எங்கே? ஆணை கொடுத்தவர் எந்தக் கண்ணாடி கேட்டார், எவ்வளவு பிசகைப் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார், தேறாததைத் தள்ளிவிடும் செலவை யார் ஏற்றார் என்பதில் இருக்கிறது. மூன்றாம் கட்சி அன்பர்கள் சொன்னது பாதி சரி. நாட்டின் பெயர் எதையும் உறுதி செய்வதில்லை. ஆனால் எங்கே செய்தாலும் ஒன்றுதான் என்பதும் பிழை. சோதிப்பவன் தேறவில்லை என்று சொல்ல உரிமையுள்ள இடமா, அவனுக்கு அதைச் சொல்லும் தெம்பும் நேரமும் உள்ள இடமா என்று கேட்டால் இடம் மிகவும் பொருட்டாகும். வாங்குபவர்கள் குழலைப் புரட்டி நாட்டின் பெயரைத் தேடுவதை விட்டுவிட்டு, ஒரு விண்மீனைக் காட்சியின் ஓரத்துக்குத் தள்ளிப் பார்க்கட்டும். புள்ளி புள்ளியாகவே இருக்கிறதா, நிறம் சிந்துகிறதா என்பது தெரிந்துவிடும்.

நம் நாட்டிலும் யேனாவின் கைவேலை உண்டு. வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்கு நிலையத்தில் 1972இல் அமைக்கப்பெற்ற ஏறத்தாழ 1 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி, காலி செய்யப்பட்ட அதே யேனாவில் செய்தது. ஏறக்குறைய அதே அளவில் மற்றொன்று வடக்கே நைனிடாலில், அதே ஆண்டில். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னே கடந்து சென்றபோது, காவலூர்த் தொலைநோக்கியில் அவ்விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது பதிவாயிற்று. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த இரவு அது. விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் வாணியம்பாடியில் இறங்கினால், ஆலங்காயம் வழியாக மலைக்குச் சாலை இருக்கிறது.